செட்டிநாட்டு வீட்டில் ஒரு சிஸ்டம்: அசெம்பிள் செய்வது, மேம்படுத்துவது, ஊர் விட்டு ஊர் கொண்டுபோவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் 15 வருடமாக டெஸ்க்டாப் கணினிகளை அசெம்பிள் செய்து கொடுத்துவருகிறேன். கோட்டையூர், புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது பிராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும் பற்றித்தான். வீட்டில் எர்த் இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்டால் முழிப்பார்கள். ஆனால் என் மேசைக்குத் திரும்பி வரும் சிஸ்டங்களில் பாதிக்கு மேல் கரண்டால் கெட்டவை. அதனால் இந்தப் பக்கத்தையும் கரண்டிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீடு பழைய வீடு. கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்கிறது. சிஸ்டத்தில் கோளாறா?

சிஸ்டத்தில் கோளாறில்லை, வீட்டில் எர்த் இல்லை. சிஸ்டத்துக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் உள்ளே, கரண்டில் வரும் இரைச்சலை வடிகட்ட ஒரு ஃபில்டர் உண்டு. அதில் இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள், ஒன்று பேஸிலிருந்தும் இன்னொன்று நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டின் இரும்பு உடலுக்கு வந்து சேரும். எர்த் வயர் இருந்தால் அந்த வழியாக வரும் சொற்பக் கசிவு மண்ணுக்குள் இறங்கிவிடும். எர்த் இல்லையென்றால் இறங்க இடமில்லாமல் கேபினெட்டிலேயே நிற்கும். 230 வோல்ட்டில் பாதி, அதாவது 115 வோல்ட் அளவு அங்கே இருக்கும். ஓடக்கூடிய கரண்ட் ஒரு மில்லி ஆம்பியருக்கும் கீழே என்பதால் சுர்ரென்று கடிப்பதோடு நின்றுவிடுகிறது.

அப்படியானால் விட்டுவிடலாமே என்று நினைக்காதீர்கள். நாளைக்கு எஸ்எம்பிஎஸ் உள்ளே ஒரு வயர் உருகி உடலில் பட்டால், எர்த் உள்ள வீட்டில் ஃபியூஸ் போகும், எர்த் இல்லாத வீட்டில் தொட்டவர் மேல் பாயும். இன்னொரு தொல்லையும் உண்டு. அந்த 115 வோல்ட், எச்டிஎம்ஐ கேபிளைச் செருகும் நொடியில் டிவிக்கோ மானிட்டருக்கோ தாவும். போர்ட் செத்துப்போவதற்கு அது போதும்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மரப்பட்டை மேல் ஓடும் இரண்டு வயர்தான் பல அறைகளுக்கு இன்னும் போகிறது. பிறகு வந்த ஒருவர் அதே இரண்டு வயரில் புது மூன்று துளை பிளக் பாயின்ட்டை மாட்டிவிட்டுப் போயிருப்பார். மேலே இருக்கும் பெரிய துளைக்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது. எலக்ட்ரீஷியனை மல்டிமீட்டரோடு வரச்சொல்லி மூன்று அளவு பார்க்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 230 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. இரண்டாவது அளவு வரவில்லையென்றாலோ ஆடிக்கொண்டே இருந்தாலோ எர்த் இல்லை என்று அர்த்தம்.

வீடு முழுக்க வயரிங் மாற்ற வேண்டுமென்பதில்லை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவரை உளி வைத்துக் கொத்த யாருக்கும் மனம் வராது, கொத்தவும் கூடாது. பின்கட்டுக்கு வெளியே ஒரு எர்த் குழி எடுத்து, அங்கிருந்து சுவரோரமாக பைப்பில் ஒரே ஒரு லைனை சிஸ்டம் இருக்கும் அறைக்குக் கொண்டுவந்தால் போதும். பங்காளிகளுக்குப் பொதுவான வீடென்றால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நம் செம்மண், செம்பூராங்கல் பூமி கோடையில் காய்ந்துவிட்டால் மின்சாரத்தை நன்றாக வாங்காது. கரியும் உப்பும் போட்ட குழியென்றால் சித்திரை வைகாசியில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எர்த் இல்லையென்று சொன்னால் சிலர் பிளக் பாயின்ட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கிவிடுவார்கள். சுர்ரென்பது உடனே நின்றுவிடும். ஆனால் என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் முழு 230 வோல்ட்டும் கேபினெட்டில் வந்து நிற்கும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. தனியாக யுபிஎஸ் வேண்டுமா?

வேண்டும். கரண்ட் போனதும் எஸ்எம்பிஎஸ் தன்னுள் தேக்கி வைத்திருக்கும் சக்தியில் சுமார் 16 மில்லி செகண்ட் தாங்கும். அதற்குள் இன்வெர்ட்டர் மாறிக்கொண்டால் சிஸ்டம் ஓடும், இல்லையென்றால் அணைந்துவிடும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் ஏற்றபடி வைத்த இன்வெர்ட்டர் அதைவிட நேரம் எடுத்துக்கொள்ளும். பல இன்வெர்ட்டர்களின் பின்னால் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதைப் போட்டால் மாறும் வேகம் கூடும். சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் இப்போதைய எஸ்எம்பிஎஸ் பல அதில் ஒழுங்காக ஓடாது. ஒன்று அணையும், இல்லையென்றால் ரீங்காரமிடும். சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் சரி.

என் யோசனை இதுதான்: இன்வெர்ட்டர் லைனிலேயே ஒரு சின்ன யுபிஎஸ்ஸை வைத்து, அதிலிருந்து சிஸ்டத்துக்கு எடுங்கள். மாறும் அந்த நொடியை யுபிஎஸ் பார்த்துக்கொள்ளும், மீதி நேரத்தை இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும்.

எத்தனை விஏ யுபிஎஸ் வாங்குவது?

விஏ என்பதும் வாட் என்பதும் ஒன்றல்ல. வீட்டுக்கு வரும் 600 விஏ யுபிஎஸ் உண்மையில் 360 வாட்தான் கொடுக்கும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத பில்லிங், படிப்பு சிஸ்டத்துக்கு அது தாராளம். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள், கிராபிக்ஸ் கார்டு போட்டவர்கள் 1000 அல்லது 1100 விஏ எடுங்கள். பிரின்டரை, குறிப்பாக லேசர் பிரின்டரை, யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். அது சூடேறும்போது இழுக்கும் கரண்டில் யுபிஎஸ் படுத்துவிடும்.

உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி இரண்டு மூன்று வருடம் வரும். மின்வேதியியலுக்கென்றே மத்திய அரசு வைத்திருக்கும் சிக்ரி நம் ஊரில்தான் இருக்கிறது. அந்தத் துறையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு ஒன்று: ஈய அமில பேட்டரிக்குச் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். ஆகவே யுபிஎஸ்ஸை வெயில் விழும் ஜன்னலடியில் வைக்காதீர்கள்.

இடி மின்னல் நேரத்தில் மெயின் சுவிட்சை அணைத்தால் போதுமா?

போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்ச் என்பது சில மில்லி மீட்டர் இடைவெளிதான், மின்னலுக்கு அது ஒரு தடையே இல்லை. ஐப்பசி மழையில் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் நான் செய்துகொடுத்த சிஸ்டம் இப்படித்தான் போயிற்று. அவர்கள் பிளக்கைப் பிடுங்கித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் மாடியிலிருந்து வந்த நெட் கேபிள் பின்னால் மாட்டியபடியே இருந்தது. மதர்போர்டில் அந்த கேபிள் போர்ட்டின் பக்கம் கருகிப்போய்விட்டது. கேபிளைப் பற்றி நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து சிஸ்டம் கொடுக்கும்போதெல்லாம் இரண்டு வயரையும் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறேன். ஃபைபர் இணைப்பில் கண்ணாடி இழை வழியாக மின்னல் வராது, ஆனால் அந்த மோடத்தின் அடாப்டரும் கரண்டில்தான் இருக்கிறது. அதையும் எடுத்துவிடுங்கள்.

சரி, பாகங்களுக்கு வருவோம். கையில் இருக்கும் பணத்தை எப்படிப் பிரிப்பது?

என்ன வேலைக்கு என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டுக்கும் கடைக்கும் காலேஜ் படிப்புக்கும் என்றால் தனி கிராபிக்ஸ் கார்டே வேண்டாம், உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள பிராசஸர் போதும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ரைசன் 5 5600ஜி என்றால் கிராபிக்ஸ் உண்டு, வெறும் 5600 என்றால் கிடையாது. இன்டெலில் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால் கிராபிக்ஸ் இல்லை. இதைப் பார்க்காமல் 12400எஃப் வாங்கிவந்து, படமே வரவில்லையே என்று நிற்கிற மாணவர்களை வருடத்துக்கு நாலு பேராவது பார்க்கிறேன்.

மதர்போர்டு விஷயத்தில் பிராசஸர் உட்காரும் இடமான சாக்கெட்டைப் பாருங்கள். ஏஎம்டியில் ஏஎம்4 பழையது, டிடிஆர்4 ராம் போடும். 2022-இல் வந்த ஏஎம்5 டிடிஆர்5 மட்டும்தான் போடும். இன்டெலின் எல்ஜிஏ1700 போர்டுகளில் இரண்டு வகையும் இருக்கிறது, ஆனால் ஒரு போர்டில் ஒன்றுதான் பொருந்தும். ராம் குச்சியின் வெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிச் செருக முடியாது, அழுத்திப் பார்க்காதீர்கள். 2025 கடைசியில் ராம் விலை கடுமையாக ஏறியது. வீட்டில் நல்ல டிடிஆர்4 குச்சிகள் இருந்தால் அதை வைத்தே போர்டைத் தேர்ந்தெடுப்பது இப்போதைக்குப் புத்திசாலித்தனம்.

எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கேபினெட்டோடு இலவசமாக வருகிற, அட்டையில் 450 வாட் என்று அச்சடித்த லேசான டப்பாவை நான் மாட்டித் தருவதில்லை. கையில் தூக்கிப் பார்த்தாலே கனமில்லாதது தெரியும். 80 பிளஸ் சான்று உள்ள 550 அல்லது 650 வாட் ஒன்று வாங்கினால் இந்த சிஸ்டத்துக்கும் அடுத்ததுக்கும் அதுவே வரும். பட்ஜெட் இடிக்கிறதென்றால் பிராசஸரில் ஒரு படி இறங்குங்கள், இதில் இறங்காதீர்கள்.

ரிச்சி தெருவா, ஆன்லைனா, உள்ளூரா?

மூன்றிலும் வாங்கியிருக்கிறேன். சென்னைக்குப் போகிற வேலை இருந்தால் ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்கலாம், பேரம் உண்டு. ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவையுங்கள். மானிட்டர், கேபினெட், யுபிஎஸ் மூன்றையும் உள்ளூரில் வாங்குவதே நல்லது. தூக்கிக்கொண்டு போய் மாற்றிவர வேண்டியவை அவைதான். எங்கே வாங்கினாலும் 18 சதவீத ஜிஎஸ்டியோடு சீரியல் நம்பர் எழுதிய பில் கேளுங்கள். பில் இல்லாமல் மிச்சமாகும் பணம் வாரன்டியில் போய்விடும்.

பழைய பாகம் வாங்கலாமா?

காரைக்குடி பழைய சாமானுக்குப் பேர்போன ஊர், எதையும் தட்டிப் பார்த்து வாங்கும் பழக்கம் நமக்கு உண்டு. பிராசஸர், ராம், கேபினெட், மானிட்டர் ஆகியவற்றைத் தாராளமாகப் பழையதாக வாங்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸும் ஹார்ட் டிஸ்க்கும் வேண்டாம். கிராபிக்ஸ் கார்டு என்றால் அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 பிராசஸர்களில் வோல்டேஜ் அளவுக்கு மீறி ஏறி, நாளடைவில் சிப் கெடும் குறை இருந்தது. 2024 ஆகஸ்ட்டில் அதற்குத் திருத்தம் வந்தது. அதற்கு முன்பு ஒரு வருடம் கடுமையாக ஓடிய சிப் என்றால் நான் தொடமாட்டேன்.

நானே அசெம்பிள் செய்ய முடியுமா?

முடியும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் செய்திருக்கிறார்கள். நல்ல வெளிச்சமுள்ள மேசை, காந்த முனை உள்ள நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, இரண்டரை மணி நேரப் பொறுமை, இவ்வளவுதான் வேண்டும். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், பாய் விரித்து உட்கார்ந்தும் செய்யலாம், ஆனால் முற்றத்து மழைச்சாரலும் காற்றும் படாத பக்கமாக உட்காருங்கள். தொடங்குமுன் கேபினெட்டின் இரும்பைத் தொட்டு உடம்பிலிருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிக்கொள்ளுங்கள்.

பிராசஸர், ராம், கூலர் மூன்றையும் போர்டு வெளியே இருக்கும்போதே மாட்டிவிடுங்கள். மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியே நல்ல மேடை. பிராசஸரின் மூலையில் ஒரு சின்னத் தங்க முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் அதே குறி இருக்கும். இரண்டும் சேரும்படி வைத்தால் அதுவாக உட்காரும். அழுத்தம் கொடுக்க வேண்டியது ராமுக்குத்தான், டக் என்று சத்தம் வரும்வரை. நாலு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு குச்சி போடுவதென்றால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போடுங்கள். பிராசஸருக்கும் கூலருக்கும் இடையில் வைக்கும் தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும்.

கண்ணாடிக் கதவுள்ள கேபினெட் என்றால் கதவைக் கழற்றிக் கட்டில் மெத்தையில் படுக்கவையுங்கள். டெம்பர் செய்த கண்ணாடியின் முகம் உறுதியானது, ஓரம் பலவீனமானது. ஓரத்தில் ஒரு சின்னத் தட்டு விழுந்தால் முழுக் கண்ணாடியும் பொரியாக உதிரும். செராமிக் டைல்ஸ் தரைதான் மிக மோசம், அது கண்ணாடியைவிடக் கடினம். நம் ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்வது, கண்ணாடித் தட்டின் மேல் வார்த்து அந்தப் பளபளப்பை வாங்குகிறார்கள். செராமிக் அளவுக்குக் கடினமில்லை, இருந்தாலும் அதன் மேலும் ஓரத்தை ஊன்றி நிறுத்த வேண்டாம்.

எல்லாம் மாட்டிவிட்டேன், ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை!

பயப்படாதீர்கள். இதே வரிசையில் பாருங்கள். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகியிருக்கிறீர்களா, கிராபிக்ஸ் கார்டிலா? கார்டு இருந்தால் கார்டில்தான் செருக வேண்டும். பிராசஸருக்கு அருகே மேல் மூலையில் 8 பின் பவர் கேபிள் ஒன்று போக வேண்டும், பாதிப் பேர் மறப்பது அதைத்தான். அப்புறம் ராமைக் கழற்றி, தங்கப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, மறுபடி அழுத்தி மாட்டுங்கள். ஒரு குச்சியை மட்டும் போட்டுப் பாருங்கள். ஏஎம்5 போர்டு என்றால் முதல்முறை ராமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அந்த நேரத்தில் திரை கறுப்பாகத்தான் இருக்கும், அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள்.

டிஸ்ப்ளே வந்ததும் போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்பதைப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் காசு கொடுத்து வாங்கிய ராம் தன் வேகத்துக்குக் கீழேயே ஓடிக்கொண்டிருக்கும்.

நம் ஊர் வெயிலுக்கும் புழுதிக்கும் தாங்குமா?

அறையின் சூடு எத்தனை டிகிரி ஏறுகிறதோ ஏறக்குறைய அத்தனை டிகிரி பிராசஸரிலும் ஏறும், அதனால் சிஸ்டம் வைக்கும் இடம் முக்கியம். தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள கீழ் அறை, மேலே கட்டிய கான்கிரீட் மாடி அறையைவிடப் பல மடங்கு நல்லது. வளவைச் சுற்றியுள்ள அறைகள் குளிர்ச்சிதான், ஆனால் ஜன்னல் குறைவு. கேபினெட்டை அலமாரிக்குள் தள்ளிவைத்தால் தன் சூட்டைத் தானே மறுபடி இழுக்கும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். முன்பக்க ஃபேன் காற்றை உள்ளே இழுக்க வேண்டும், பின்பக்கமும் மேல்பக்கமும் வெளியே தள்ள வேண்டும். ஏஎம்5 பிராசஸர் 95 டிகிரி காட்டினால் பதறாதீர்கள், அதுவரை போகும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள்.

தரையில் மட்டும் வைக்காதீர்கள், பெருக்கும்போது கிளம்பும் செம்மண் புழுதி நேராக உள்ளே போகும். ஒரு மணை உயரத்துக்காவது ஏற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புளோயரால் ஊதுங்கள், ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் திறந்துகிடக்கும் ஸ்லாட்டுகளைத் தகடு போட்டு மூடுங்கள். பல்லி உள்ளே போய் எஸ்எம்பிஎஸ்ஸில் சிக்கி, அதோடு சேர்ந்து எஸ்எம்பிஎஸ்ஸும் போவது இங்கே சர்வ சாதாரணம்.

ஐந்தாறு வருடத்து சிஸ்டம் மந்தமாக இருக்கிறது. புதிதாக வாங்கிவிடட்டுமா?

அவசரப்படாதீர்கள், டெஸ்க்டாப்பின் அருமையே இங்கேதான். இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் ஓடுகிறதென்றால் ஒரு எஸ்எஸ்டி போடுங்கள், மந்தத்தில் முக்கால்வாசி அதோடு போய்விடும். ராம் 8 ஜிபி என்றால் 16 ஆக்குங்கள். போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 எஸ்எஸ்டி வாங்கும்முன் உங்கள் போர்டு சாட்டா வகையை ஏற்குமா, என்விஎம்இ வகையை ஏற்குமா என்று கையேட்டில் பாருங்கள். சில போர்டுகளில் எம்.2 போட்டால் ஒரு சாட்டா போர்ட் வேலைசெய்யாமல் போகும், பழைய டிஸ்க்கைக் காணோம் என்று தேடாதீர்கள்.

ஏஎம்4 வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2017-இல் வந்த பி350 போர்டு பலவற்றில் பயாஸை மட்டும் புதுப்பித்து 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி வரை போட முடிகிறது. பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும், பிராசஸரை மாற்றியபின் முடியாது. புதுப்பிக்கும் அந்த ஐந்து நிமிடமும் யுபிஎஸ் கட்டாயம், நடுவில் கரண்ட் போனால் போர்டு எழாமலே போகலாம்.

எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றும் கேபிள்களைப் புதியதில் மாட்டாதீர்கள். டிஸ்க் பக்கம் முனை ஒன்றுபோல் இருக்கும், எஸ்எம்பிஎஸ் பக்கம் வயர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய், இருபது வருடக் குடும்பப் படங்கள் இருந்த டிஸ்க் ஒன்று எரிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

விண்டோஸ் 10-லேயே இருக்கலாமா?

அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. பேங்க் வேலை பார்க்கிற சிஸ்டம் என்றால் மாறுங்கள். 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெலில் 8-ஆம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை அல்லது அதற்கு மேலும் வேண்டும். டிபிஎம் இல்லை என்று வந்தால் பெரும்பாலும் பயாஸில் அணைந்திருக்கும், போட்டுவிட்டால் சரி. பழைய சிஸ்டமென்றால் லினக்ஸ் மின்ட் போட்டுத் தருகிறேன், தமிழும் நன்றாக வருகிறது.

மதர்போர்டை மாற்றுகிறவர்களுக்கு ஒன்று: விண்டோஸ் உரிமம் போர்டோடு ஒட்டியது, முன்கூட்டியே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் மீட்புச் சாவியான 48 இலக்க எண்ணைத் தாளில் எழுதிவைத்த பிறகு கை வையுங்கள்.

பிள்ளைக்குச் சென்னையில் வேலை. சிஸ்டத்தை ரயிலில் அனுப்பலாமா?

யாராவது கூடப் போவதாக இருந்தால் அனுப்பலாம். பல்லவன் உட்கார்ந்து போகிற ரயில், மேல் தட்டில் கேபினெட்டை ஏற்றாதீர்கள். காரைக்குடி வழியாகப் போகும் ராமேஸ்வரம் இரவு ரயில்களில் கீழ் பெர்த் எடுத்தால் கேபினெட்டைப் படுக்கவைத்து அடியில் தள்ளிவிடலாம்.

கிளம்புமுன் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றுங்கள். ஒரு கிலோ கனம், ஒரு சின்ன ஸ்லாட்டில் தொங்கிக்கொண்டு ஆறேழு மணி நேரம் ஆடினால் ஸ்லாட் பிய்ந்துவரும். ஸ்லாட் ஓரத்தில் ஒரு சின்னக் கொக்கி உண்டு, அதை அழுத்திவிட்டு இழுங்கள். கோபுரம் போன்ற பெரிய கூலர் இருந்தால் அதையும் எடுங்கள், திரும்ப மாட்டும்போது புது பேஸ்ட் வையுங்கள். ஹார்ட் டிஸ்க்கைத் தனியாகத் துணியில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள். ஸ்க்ரூக்களை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு கேபினெட்டுக்குள்ளேயே டேப்பால் ஒட்டிவிடுங்கள். கழற்றும் முன் ஒவ்வொரு கோணத்திலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மானிட்டரை அதன் பெட்டியில் நின்றபடியே கொண்டுபோக வேண்டும், படுக்கவைத்தால் மேலே ஏதாவது ஏறி பேனல் கீறும். பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டீர்களென்றால் திரைமேல் ஒரு அட்டை வைத்து, பழைய பருத்திச் சேலையால் சுற்றுங்கள்.

காரில் என்றால் பின் சீட்டில், போர்டு இருக்கும் பக்கம் கீழே வரும்படி படுக்கவைத்து பெல்ட் போடுங்கள். டிக்கியில் வேண்டாம். பஸ்ஸின் அடிப்பெட்டியில் வேண்டவே வேண்டாம்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ கொண்டுபோகலாமா?

முழு கேபினெட்டாகக் கொண்டுபோவது நஷ்டம், 10 கிலோவுக்கு மேல் போய்விடும். கேபினெட்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் இங்கே வீட்டாருக்கு விட்டுவிட்டு, அங்கே புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க், பிராசஸரோடு கூடிய போர்டு ஆகியவற்றை நிலைமின்சாரம் தாக்காத பையில் போட்டுக் கைப்பையில் வையுங்கள். எக்ஸ்ரேயால் இவற்றுக்கு ஒரு கெடுதலும் இல்லை. கைப்பைக்கு விமான நிறுவனங்கள் வழக்கமாக 7 கிலோ கொடுக்கும், எடைபோட்டுப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரைச் செக்-இன் பெட்டியில் போடுங்கள், கைப்பையில் இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள். பவர் பேங்க் அதற்கு நேர்மாறு, கைப்பையில்தான் போக வேண்டும். யுபிஎஸ்ஸை எடுத்துப்போகும் எண்ணமே வேண்டாம்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம்மைப்போலவே 230 வோல்ட்டை ஒட்டிய கரண்ட்தான். பிளக்தான் வேறு, மூன்று செவ்வக முனை. எஸ்எம்பிஎஸ்ஸையும் கொண்டுபோகிறீர்களென்றால், அதில் செருகும் முனை உலகம் முழுக்க ஒன்றே என்பதால் அங்கே ஒரு பவர் கார்டு வாங்கினால் போதும். அமெரிக்காவிலிருந்து பழைய சிஸ்டம் கொண்டுவருகிறவர்கள் பின்னால் சிவப்பு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். 115-இல் நிற்கும்போது இங்கே செருகினால் டப்பென்று வெடிக்கும், 230-க்குத் தள்ளிவிட்டுச் செருகுங்கள். 100–240 என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை. பாகங்களின் பில்லை எப்போதும் கையில் வைத்திருங்கள். லேப்டாப்புக்கு உள்ள சுங்கச் சலுகை டெஸ்க்டாப்புக்குப் பொருந்தாது.

மாதம் ஒருமுறை ஊருக்கும் சென்னைக்கும் அலைகிறேன். லேப்டாப் எனக்குச் சரிப்படவில்லை.

அப்படியானால் மினி ஐடிஎக்ஸ் கட்டுங்கள். போர்டே 17 சென்டிமீட்டர் சதுரம்தான், சின்ன கேபினெட்டில் எல்லாம் சேர்த்து ஆறேழு கிலோவுக்குள் முடித்துவிடலாம், தோளில் மாட்டும் பையில் போகும். பாகங்கள் கொஞ்சம் விலை கூடும், ராம் ஸ்லாட் இரண்டுதான் இருக்கும், கூலரின் உயரத்தை அளந்து வாங்க வேண்டும். மானிட்டர், கீபோர்டு, யுபிஎஸ் மூன்றும் இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு செட் வையுங்கள். தூக்குவது கேபினெட் மட்டும். இப்படி நான் கட்டிக்கொடுத்த ஒன்று நாலு வருடமாகத் தேவகோட்டைக்கும் சென்னைக்கும் போய்வருகிறது, ஒரு ஸ்க்ரூகூடத் தளரவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்கு நிறைவாக இருக்கும்.

வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு வருடம் கழித்துத் திறந்தோம். சிஸ்டம் ஓடுகிறது, ஆனால் எந்த இணையதளமும் பாதுகாப்பில்லை என்கிறது. வைரஸா?

கடிகாரத்தைப் பாருங்கள், பல வருடம் பின்னால் நிற்கும். மதர்போர்டில் சிஆர்2032 என்ற வட்ட பேட்டரி ஒன்று உண்டு, கரண்ட் இல்லாத காலத்தில் தேதியை அதுதான் காக்கிறது. அது தீர்ந்தால் தேதி பழையதாகிவிடும், தளங்களின் சான்றிதழ்கள் தேதியோடு ஒத்துப்போகாமல் எச்சரிக்கை வரும். வாட்ச் கடையிலேயே கிடைக்கும், சொற்பக் காசு. பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு மாற்றித் தேதியைச் சரிசெய்யுங்கள்.

அடுத்தமுறை பூட்டிப் போகும்போது யுபிஎஸ் பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றிவிடுங்கள். கேபினெட்டைப் பழைய வேட்டியால் மூடி, உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். தேய்ந்த எஸ்எஸ்டி மாதக்கணக்கில் கரண்ட் இல்லாமல் சூட்டில் கிடந்தால் தரவை மறக்கக்கூடும். கல்யாணப் படங்கள், ஐயா காலத்துக் கடிதங்களின் ஸ்கேன் எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து உங்களோடு எடுத்துச் செல்லுங்கள்.